சாயத்துக்கு முன் கூரை

மலேசியாவில் இலையுதிர்காலம் இல்லை. மிதவெப்ப நாடுகளில் மரங்கள் நிறம் மாறி இலைகளை உதிர்க்கத் தொடங்கியதும் மக்கள் ஏணியை எடுத்துவிடுவர். குளிர்காலம் வருமுன் கூரையைச் சரிபார்ப்பதும் வடிகால்களில் அடைத்த சருகுகளை அள்ளுவதும் அங்கு ஆண்டுதோறும் நடக்கும் வேலைகள். வேலைக்கான நாளை மரமே சொல்லிவிடுகிறது. மலேசியாவிலோ மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கின்றன. இலைகளும் ஆண்டு முழுவதும் உதிர்கின்றன. வீட்டைப் பழுதுபார்க்கும் காலம் இதுதான் என்று நினைவூட்ட இயற்கையில் வெளிப்படையான அடையாளம் ஏதுமில்லை. அதனால், மழை வீட்டுக்குள் சொட்டிய பிறகே பலர் கூரையை அண்ணாந்து பார்க்கின்றனர்.

அடையாளம் இல்லை என்பதற்காகப் பருவமே இல்லை என்று ஆகிவிடாது. மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தீபகற்பத்துக்கு ஒப்பளவில் குறைந்த மழையையே தருகிறது. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களிலும் ஜொகூரின் கிழக்குப் பகுதியிலும் நாள்கணக்கில் அடைமழையைக் கொட்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. அப்போது மேற்குக் கரையில் பிற்பகலில் வானம் கறுப்பதும், பள்ளி முடிந்து வீடு திரும்புவதற்குள் இடியுடன் மழை பிடித்துக்கொள்வதும் வழக்கமான காட்சிகள். கிழக்குக் கரையில் வாழ்வோருக்கு மழைக்காலம் என்றால் டிசம்பர் நினைவுக்கு வரும்; கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு அது அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பருவத்தை நினைவூட்டும் நாள் ஒன்று ஏற்கெனவே நாள்காட்டியில் இருக்கிறது. ஐப்பசித் தீபாவளி, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரையிலான ஒரு மாதத்துக்குள் வருகிறது. ‘ஐப்பசியில் அடைமழை’ என்று தமிழ்நாட்டில் சொல்வதற்குக் காரணமான வடகிழக்குப் பருவக்காற்றே, தென்சீனக் கடலைத் தாண்டி வந்து இந்நாட்டின் கிழக்குக் கரையையும் நனைக்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் பண்டிகையைக் கொண்டுவந்தபோது, அதற்கு ஏற்ற மழையும் இங்கே காத்திருந்தது என்றே சொல்லலாம்.

பண்டிகைக்கு மூன்று நான்கு வாரங்கள் இருக்கும்போதே வீடுகளில் வேலை தொடங்கிவிடும். திரைச்சீலைகள் துவைக்கப்படும், ஒட்டடை அடிக்கப்படும், சுவர்களுக்குப் புதுச் சாயம் பூசப்படும். திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் அண்டை அயலார் முன் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற விருப்பம் நியாயமானதே. இந்த உழைப்பு வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அது நடைபெறும் வரிசைதான் தவறு. கூரை ஒழுகுகிறதா, சுவர் காய்ந்திருக்கிறதா என்று பாராமலே சாயவாளி திறக்கப்படுகிறது. விருந்தினர் கண்ணில் படும் இடம் மினுக்கப்படுகிறது. மழை தாக்கும் இடம் அப்படியே விடப்படுகிறது. பழுதுபார்ப்பது முதல் வேலையாகவும் சாயம் பூசுவது கடைசி வேலையாகவும் மாற வேண்டும்.

ஈரச் சுவருக்குப் பூசிய சாயம் என்ன ஆகிறது என்பது, பல வீடுகளில் தைப்பொங்கலுக்குள் தெரிந்துவிடும். செங்கல்லிலும் சிமெண்டுப் பூச்சிலும் ஊறிய நீர், ஆவியாவதற்காகச் சுவரின் மேற்பரப்பை நோக்கி வருகிறது. வரும்போது சுவரிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளியேற வழியில்லாமல் சாயப்படலம் மறித்தால், அந்த ஈரம் படலத்தைக் கொப்புளமாகத் தள்ளும். கொப்புளம் உடைந்த இடத்தில் வெள்ளை உப்புப் பூக்கும். சாயம் செதில் செதிலாக உரியும். அதன் பிறகு, அலமாரிக்குப் பின்னாலும் படுக்கையறை மூலையிலும் கரும்புள்ளிகள் தோன்றும். இவை அழுக்கு அல்ல, பூஞ்சணம். அது வளர்வதற்கு ஈரமும் சிறிதளவு உணவும் போதும். சுவரில் படிந்த தூசியே அதற்கு உணவாகிவிடும். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் நாட்டில், பூஞ்சணம் வெகுநாள் காத்திருப்பதில்லை.

இது அழகைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக்கோளாறுகளும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல் விளக்குகிறது. ஒரே அறையில் பாயைப் போட்டுப் படுக்கும் பிள்ளைகள் இரவு முழுவதும் சுவாசிப்பது அந்தச் சுவரருகில் உள்ள காற்றைத்தான். கரும்புள்ளிகளைக் கண்டதும் அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசுவது, காய்ச்சலில் கிடப்பவனுக்குப் புதுச் சட்டை போட்டுவிடுவது போன்றது.

முன்னோரின் வழக்கம் ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. பண்டிகைக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் பொங்கலுக்கு முந்திய நாள்களில் இதனை இன்றும் காணலாம். சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையது. அதனால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பூஞ்சணம் எளிதில் பற்றாது. அந்தப் பூச்சு நுண்துளைகள் கொண்டது. அதனால் சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். ஆக, வெள்ளையடிப்பது என்பது வீட்டை அழகுபடுத்தும் வேலையாகவும் அதனைப் பேணும் வேலையாகவும் ஒருசேர இருந்தது. இன்று பெரும்பாலும் பூசப்படுவது பிசின் கலந்த சாயம். அது காய்ந்ததும் சுவர்மேல் சவ்வுபோல் படிகிறது. அதனைக் கெட்ட பொருள் என்று சொல்வதற்கில்லை. சாரல் அடிக்கும் வெளிச்சுவரை அது நன்றாகவே காக்கிறது. ஆனால், காய்ந்த சுவரில் பூசினால்தான் அந்தப் பயன் கிட்டும். பொருள் மாறியபோது வழக்கமும் சற்று மாறியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை, வெள்ளையடிக்கும் பழக்கம் மட்டும் தங்கியது, அதற்குள் இருந்த பேணுகை வேலை கழன்று விழுந்துவிட்டது. எல்லாரும் சுண்ணாம்புக்கே திரும்ப வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. சாய்ந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளையை இந்தத் தலைமுறை பொறுத்துக்கொள்ளாது!

சுவருக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மேலிருந்துதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். ஒரு வரிசை வீட்டின் கூரைப் பரப்பு 100 சதுர மீட்டர் என்று கொள்வோம். மாலை இடிமழையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்வது இங்கே வியப்புக்குரியதன்று. அப்படியானால், அந்த ஒரு மணி நேரத்தில் கூரை ஏந்திக்கொள்ளும் நீர் 5,000 லிட்டர். எடையில் 5 டன். இவ்வளவு நீரும் கூரை விளிம்பிலுள்ள வாய்க்காலில் விழுந்து, உள்ளங்கை அகலமே உள்ள குழாய்களின் வழியாக இறங்க வேண்டும். அந்தக் குழாயின் வாயைச் சருகுகளோ, குருவிக்கூடோ, பக்கத்து வீட்டுச் சிறுவன் தொலைத்த இறகுப்பந்தோ அடைத்திருந்தால், நீர் பின்வாங்கிக் கூரைப் பலகையையும் சுவர்த்தலையையும் நனைக்கும். வரிசை வீடுகளில் சுவர் இரு குடும்பங்களுக்கும் பொதுவானது. ஒருவர் அள்ளாமல் விட்ட சருகு, மற்றவர் வீட்டு வரவேற்பறையில் கறையாகத் தெரியும்.

இந்நாட்டு வீடுகளில் அடிக்கடி ஒழுகும் இடம் ஒன்று உண்டு. சமையலறையைப் பின்புறமாக நீட்டிக் கட்டும்போது, பழைய சுவரும் புதிய கூரையும் சந்திக்கும் கோடு உருவாகிறது. அந்த இணைப்பில் அடைத்த சிமெண்டோ பசையோ வெயிலில் விரிந்தும் மழையில் சுருங்கியும் சில ஆண்டுகளில் வெடித்துவிடும். துத்தநாகத் தகட்டுக் கூரையாக இருந்தால், ஆணித்தலையின் கீழுள்ள ரப்பர் வளையங்களும் நாளடைவில் இற்றுப்போகும். ஓட்டுக் கூரையாக இருந்தால் முகட்டு ஓடுகளைப் பிடித்திருக்கும் காரை வெடிக்கும். பழுது சிறியதுதான். ஆனால், நீர் புகுந்த இடமும் கறை தெரியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. புகுந்த நீர் உத்தரத்தின் வழியே ஊர்ந்து, நான்கைந்து அடி தள்ளிச் சொட்டும். கறைக்கு நேர்மேலே பசை பூசிவிட்டு, ‘சரிசெய்தாயிற்று’ என்று இறங்கிவிடுவோர் அடுத்த மழையில் ஏமாறுவது இதனால்தான். மழை பெய்துகொண்டிருக்கும்போதே உட்கூரைத் திறப்பின் வழியாகக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், நீர் வரும் வழி தெரியும். அப்படிக் கூர்ந்து பார்ப்பது வீட்டிலுள்ள மாணவர்களும் செய்யக்கூடிய வேலை. ஏணியில் ஏறுவது அவர்கள் வேலையன்று. அது காய்ந்த நாளில், கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்க, பெரியவர் ஒருவர் செய்ய வேண்டியது. பழைய வீடுகளின் கூரையும் உட்கூரையும் கல்நார் கலந்த சிமெண்டுத் தகடுகளாக இருக்கலாம். அவற்றைச் சுரண்டினாலும் உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள்கள் மூச்சில் புகும். நுரையீரலுக்கு அவை பெருங்கேடு. அத்தகைய கூரையைத் தேர்ந்தவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

கூரை வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சருகு அடைத்த வாய்க்காலில் தேங்கும் தெளிந்த நீர், டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற அதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். பூச்சாடித் தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் வாரந்தோறும் பார்க்கும் குடும்பங்கள்கூடத் தலைக்கு மேலுள்ள வாய்க்காலை மறந்துவிடுகின்றன. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ், கொசு பெருக இடமளிக்கும் வீட்டாருக்குத் தண்டம் விதிக்கப்படலாம். ஆனால், கூரை வாய்க்காலை வாரந்தோறும் எட்டிப் பார்ப்பது நடக்கிற காரியமன்று. ஆகவே, நீர் தேங்காதபடி அதற்குச் சரியான சாய்வு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சீர்செய்வதே அறிவுடைமை. சீர்செய்ய இயலாத அளவுக்குத் துருப்பிடித்துத் தொய்ந்துவிட்டால், அதனைக் கழற்றிவிட்டு, நீர் நேராகத் தரையிலுள்ள கால்வாயில் விழும்படி விடுவதுகூட நல்லதே.

கூரையே இல்லாத வீட்டில் வாழ்வோருக்கு இதில் என்ன வேலை என்று அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள் கேட்கலாம். அவர்களுக்குக் கூரை என்பது மேல்வீட்டின் குளியலறைத் தரை. அந்தத் தரையில் விரிசல் விட்டால், கீழ்வீட்டின் உட்கூரையில் நீர் சொட்டும். பல குடியிருப்புகளில் இது ஆண்டுக்கணக்கில் நீளும் மனக்கசப்பாகிறது. மேல்வீட்டார், ‘எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே!’ என்பர். நீர் அவர்கள் வீட்டில் ஒழுகாது என்பதும் உண்மைதான். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் இந்த வாக்குவாதத்துக்கு ஒரு வழி சொல்கிறது. உட்கூரையில் ஈரமோ கசிவோ தென்பட்டால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது மேலுள்ள வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். அறிவிப்புக் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எனவே, மின்தூக்கியில் சந்திக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதைவிட, படம் எடுத்து, நாள் குறித்து, எழுத்து வடிவில் நிர்வாகத்திடம் கொடுப்பது பயன் தரும். வாடகை வீட்டில் இருப்போரும் வீட்டு உரிமையாளரிடம் அவ்வாறே செய்யலாம். ‘நமது வீடா, என்ன?’ என்று இருந்துவிட்டால், பூஞ்சணம் உரிமையாளரைத் தேடிப் போகப் போவதில்லை. குடியிருப்பவரின் நெஞ்சுக்குள்தான் போகும்.

மின்சாரத்தையும் மறந்துவிடக்கூடாது. கசியும் நீர் மின்கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மின்கசிவு ஏற்பட்டதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி, வீட்டு மின்பெட்டிக்குள் இருக்கிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் கருவி வேலை செய்கிறது. நிற்காவிட்டால் மின்பணியாளரை அழைக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.

வெள்ளமே வந்து வீட்டை மூழ்கடிக்கும்போது, கூரை வாய்க்காலைத் துப்புரவு செய்து என்ன பயன் என்ற எதிர்வாதம் எழலாம். 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தையோ, 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை ஏறிய நீரையோ எந்தக் குடும்பத்தின் துடைப்பமும் தடுத்திருக்காது. ஆறுகளை ஆழப்படுத்துவதும் நீரேற்று நிலையங்களைப் பராமரிப்பதும் அரசின் பொறுப்பு. அதனைக் குடிமக்கள் கேட்டுப் பெறவே வேண்டும். ஆனால், பெருவெள்ளம் எல்லா வீட்டுக்கும் எல்லா ஆண்டும் வருவதில்லை. மழை எல்லா வீட்டின்மீதும் எல்லா ஆண்டும் பெய்கிறது. பெரும்பாலான வீடுகளைக் கெடுப்பது ஒருநாள் வெள்ளமன்று. ஆண்டுக்கணக்கில் சொட்டும் நீரும், அதில் ஊறிய மரத்தைத் தேடி வரும் கரையானுந்தான்.

பணம் இல்லை என்பது இதைவிட வலுவான வாதம். பண்டிகைச் செலவுகள் கழுத்தைப் பிடிக்கும் வேளையில் கூரைக்கு எங்கே போவது? மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்திடம், ‘அதையும் செய்யுங்கள், இதையும் செய்யுங்கள்’ என்று சொல்வது எளிது, பொருத்தமன்று. ஆனால், இங்கே கேட்கப்படுவது கூடுதல் செலவன்று. வீடு முழுவதற்கும் சாயம் வாங்க ஒதுக்கிய தொகையின் ஒரு பகுதியை, வெடித்த இணைப்பை அடைக்கவும் குழாயைச் சரிசெய்யவும் திருப்பிவிடலாம். ஒழுகல் நின்ற வீட்டில் ஆண்டுதோறும் சாயம் பூசும் தேவையே குறைந்துவிடும். காலமும் முக்கியம். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கூரை வேலை செய்பவரைத் தேடினால் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் மழையில் அவரால் கூரையில் நிற்க முடியாது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அழைத்தால் அவருக்கும் நேரமிருக்கும். சுவருக்கும் காய்வதற்குச் சில வாரங்கள் கிடைக்கும்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று அறிவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். கையளவு நெகிழித் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் ஒட்டுத்தாளால் இறுக மூடி, ஒருநாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தச் சுவருக்கு இந்த ஆண்டுத் தீபாவளிக்குச் சாயம் வேண்டாம். மற்றச் சுவர்களுக்குப் பூசிவிட்டு, அதனை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்; அலமாரியையும் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். முறுக்குத் தட்டோடு அமர்ந்திருக்கும் விருந்தினர் யாராவது அந்தச் சுவரைப் பார்த்துக் காரணம் கேட்டால், ‘உள்ளே இன்னும் காயவில்லை’ என்று தயங்காமல் சொல்லலாம்.